மேம்பாலம் ஏறும்போது மட்டும்

ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தப் பிரச்சினை எப்போ சார் வருது?"

கார் சர்வீஸ் சென்டரில் வாசலை ஒட்டிய மேஜை என்னுடையது. வண்டியோடு வருகிறவர் சொல்வதைக் கேட்டு ஜாப் கார்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். வருகிறவர்கள் "சத்தம் வருது" என்பார்கள், அவ்வளவுதான். என்ன சத்தம், எந்த வேகத்தில், வண்டி சூடாவதற்கு முன்னாலா பின்னாலா, தனியாகப் போகும்போதா, குடும்பத்தோடு போகும்போதா என்று நான் குடைந்து குடைந்து கேட்பேன். பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். ஒருவர், "ஏம்மா, டாக்டர்கூட இவ்வளவு கேக்கமாட்டார்" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அதே கேள்வியை என் அப்பாவிடம் கேட்க எனக்குப் பதினோரு நாள் பிடித்தது.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ. வகுப்பில் நாற்பத்தெட்டுப் பையன்கள், நான் ஒருத்தி. கடைசி வருடம் கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டும் தேர்வில் என் மேஜையில் மட்டும்தான் ஒரு போல்ட்டும் மிஞ்சவில்லை. இதையும் நானேதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா துறைமுகத்துக்கு கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர் ஓட்டியவர். எண்ணூர் பக்கம் டிரெய்லர் வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராயபுரத்தில் இருக்கும் துறைமுக கேட்டுக்குத் திருவொற்றியூரிலேயே வரிசை தொடங்கிவிடும். ஒரு வண்டி நீளம் நகர்வதற்கு ஒருமுறை கிளட்சை மிதிக்க வேண்டும். அப்படி இருபத்தாறு வருடம் மிதித்ததில் நைனாவின் இடது முட்டி, அவர் பாஷையில், "பிஸ்டன் ரிங் போன மாதிரி" ஆகிவிட்டது. கிளட்ச் இருக்கிற எந்த வண்டியையும் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, நைனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார். அவருக்கு ஓட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்ததும் கிடையாது.

அப்போது நான்தான் இந்தக் காரைக் கண்டுபிடித்தேன். பழைய ஹைபிரிட். மீட்டரில் இரண்டரை லட்சம் கிலோமீட்டர். கிளட்ச் இல்லை, கியர் போட வேண்டியதில்லை, இடது காலுக்கு வேலையே கிடையாது. வீட்டில் எல்லோரும் டீசல் வண்டிதான் வண்டி என்றபோது, மெதுவாகப் போனால் கரண்டு மோட்டார் இழுக்கும், வேகமும் பாரமும் கூடினால் பெட்ரோல் இன்ஜின் தானாக வந்து சேர்ந்துகொள்ளும் என்று நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வரியில் சுருக்கினார்.

"புரிஞ்சிச்சு. மோட்டாரு கிளீனரு, இன்ஜினு டிரைவரு. டிராபிக்ல எல்லா வேலையும் கிளீனரே பாத்துக்கும். மேடு வந்தா தான் டிரைவர் எழுந்துக்குவான்."

என் வகுப்பைவிட அது நன்றாக இருந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு டிராவல்ஸில் வேலை கிடைத்தது. திருவொற்றியூரிலிருந்து நான்கு பேரை ஏற்றிக்கொண்டு எர்ணாவூர் மேம்பாலம் ஏறி, மீஞ்சூர் தாண்டி ஒரு தொழிற்சாலை ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். மாலை திரும்ப அழைத்து வர வேண்டும். நைனா மறுபடி சட்டையில் இஸ்திரி மடிப்பு வைக்க ஆரம்பித்தார்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது.

லாரிக்காரர்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் வண்டிக்குக் கல்யாணம். வெளியே மட்டும் கழுவினால் போதாது, பானட்டைத் தூக்கி இன்ஜினையும் ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவ வேண்டும். வருடம் முழுக்க ஏறிய நிலக்கரித் தூசும் சாம்பலும் கறுப்பாக ஓடிவரும்போது பார்க்கிறவர்களுக்கு ஒரு திருப்தி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, தீப்பொறியே தேவையில்லை, அதனால் கழுவினால் ஒன்றும் ஆகாது. கழுவுவதிலும் ஒரு முறை உண்டு. எவன் வண்டியோ அவன்தான் இன்ஜினைக் கழுவுவான். ஹோஸை இன்னொருவர் கையில் கொடுத்தால், வண்டியே அவருடையது என்று தெருவுக்குச் சொன்ன மாதிரி.

அன்று எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் கீழே, அத்தனை பேர் பார்க்க, நைனா ஹோஸை என் கையில் கொடுத்தார்.

"நீ இட்டாந்த வண்டி. நீ கய்வு பாப்பா."

எங்கள் சென்டரில் யாராவது இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னால், ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் உட்காரும் குழிகளுக்குள் தண்ணீர் போனால் அதனால் வரும் கோளாறுக்குத் தாங்களே பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தாளை நீட்டுவது நான்தான். அன்று அந்தத் தாள் ஞாபகத்துக்கு வந்ததா என்றால், வந்தது. வந்து, கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

நான் கழுவினேன். பட்டுப் பாவாடை தாவணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எல்லா மூலையும் விடாமல், எங்கள் பிளாக்கின் போர் தண்ணீரால் கழுவினேன். அது வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர். முடித்ததும் அம்மா ஒரு பித்தளைச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு விரலால் தெளித்தால் போதும். நான் சொம்பையே கவிழ்த்தேன். நைனா போட்டோ எடுத்தார். ஒரு கையில் ஹோஸ், மறு கையில் சொம்பு, பின்னால் திறந்த பானட். அன்றிலிருந்து அவர் போனைத் தொட்டாலே முதலில் தெரிவது அந்தப் படம்தான். அந்த போன் காரின் டாஷ்போர்டில் எந்நேரமும் நிமிர்ந்து நிற்கும்.

மறுநாள் வண்டி நன்றாக ஓடியது. அதற்கடுத்த வாரமும் ஓடியது. கழுவியதை நான் மறந்தேன்.

மூன்று வாரம் கழித்து, மழைக்காலம் ஆரம்பித்தபோது, ஒரு மாலை நைனா சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்.

"பாப்பா, வண்டி ஒதறுது."

"எல்லா வண்டியும் உதறும் நைனா. ரோடு அப்படி கீது."

"ரோடு இல்ல. ஆக்சிலேட்டர மெறிச்சா ஒதறுது. குளிரு ஜுரம் வந்தவனாட்டம்."

நான் மறுநாள் விடியற்காலை வண்டியை எடுத்துக்கொண்டு கடலை ஒட்டிய எண்ணூர் சாலையில் தனியாகப் போனேன். காலியான சாலை, தட்டையான சாலை. வண்டி வெண்ணெய் மாதிரி போனது. என்னிடம் ஒரு சின்ன ஸ்கேனர் இருந்தது. காரின் சாக்கெட்டில் செருகினால் இன்ஜினுக்குள் பதிவான கோளாறுகளை போனில் காட்டும். ஒன்றும் பதிவாகவில்லை என்று காட்டியது. வீட்டுக்கு வந்து, வாடிக்கையாளர்களிடம் யார் சொன்னாலும் எனக்குப் பிடிக்காத அந்த வாக்கியத்தை என் அப்பாவிடம் சொன்னேன்.

"இது நார்மல் நைனா."

நைனா என்னையும் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையோரம் டீசல் லாரிகளைப் பார்க்கும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனார். அவர் ஒரு காலத்தில் நைனாவின் டிரெய்லரில் கிளீனராக இருந்தவர். நைனாவை மாமு என்பார், நான் அவரை மாமா என்பேன். அவர் பானட்டைத் திறந்து, பெரிய கரண்டு ஓடும் ஆரஞ்சு நிற ஒயர்களைப் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றி வந்தார். பிறகு தைரியமாக உள்ளே குனிந்தார். அந்த நேரம் பார்த்து இன்ஜின் தானாக ஸ்டார்ட் ஆனது. ஹைபிரிட்டில் வண்டி ஆனில் இருந்தால், சாவியைத் திருப்பாமலே இன்ஜின் எழுந்துகொள்ளும், பேட்டரிக்குச் சார்ஜ் தேவைப்பட்டால் போதும். மாமா இரண்டடி பின்னால் போய் ஒரு டயர் அடுக்கில் உட்கார்ந்தார்.

"யார்ரா சாவி போட்டது?"

"யாரும் போடல மாமா. அதுவா ஸ்டார்ட் ஆவும்" என்றேன்.

"அதுவா ஸ்டார்ட் ஆவுறதுக்குப் பேரு இன்ஜினா, பேயா?" என்றவர், டயரில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "மாமு, பேட்டரி அவுட்டு."

"எப்படி மாமா சொல்றீங்க? நீங்க இன்னும் ஒண்ணும் பாக்கலையே."

"பின்ன இன்னாம்மா? கரண்டு வண்டி ஒதறுனா கரண்டு தானே காரணம்?"

பேட்டரி என்றால் பின் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி. அதை மாற்ற ஆகும் செலவுக்கு வண்டியையே விற்றுவிடலாம். இந்தச் செய்தி அன்று சாயந்திரமே சித்தப்பாவுக்குப் போய்விட்டது. நைனாவின் தம்பியான அவர் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு முடிவை ஏற்கெனவே பையில் வைத்திருப்பார்.

"ணா, முட்டியும் போச்சு, வண்டியும் போச்சு. யார்டு கேட்டாண்ட வாட்ச்மேன் வேலை காலியா கீது. சேர் கீது, ஃபேன் கீது. குந்திகினு வர்ற வண்டி நம்பர எய்தினா போதும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு, மேனேஜர்ட்ட பேசி வெச்சிகீறேன்."

"நம்பர் எய்த வரும்டா எனக்கு" என்றார் நைனா. "குந்த தான் வராது."

அம்மா சமையலறையிலிருந்து, "வூட்டுல குந்திகினு தானே கீற" என்றாள். ஆனால் அவள் குரலில் கிண்டல் இல்லை. தான் ஓட்டின வண்டிகள் எல்லாம் கேட்டைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நம்பர் எழுதும் நைனாவை, அவர் உட்பட நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மனதில் பார்த்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

நான் களத்தில் இறங்கினேன். ஸ்கேனரை வைத்துப் பேட்டரியின் ஒவ்வொரு பகுதியையும் பார்த்தேன். எல்லாம் சமமாக, ஆரோக்கியமாக இருந்தன. பேட்டரி இல்லை என்று மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர், "போன்ல பாத்தா எல்லாம் நல்லா தாம்மா தெரியும்" என்றார். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட்டைச் சந்தேகப்பட்டு ஒன்றை மாற்றினேன். உதறல் போகவில்லை. இன்ஜினுக்குள் காற்று போகும் வாயைத் திறந்து சுத்தம் செய்தேன். போகவில்லை. பெட்ரோல் பங்க்கை மாற்றச் சொன்னேன். வேறு பங்க் பெட்ரோலிலும் வண்டி அதே அக்கறையோடு உதறியது. மழைத் தண்ணீரில் வண்டியை விட்டாயா என்று நைனாவைக் கேட்டேன், கிட்டத்தட்ட மிரட்டினேன். "நானு தேங்கின தண்ணியில வுடவேயில்ல பாப்பா" என்று குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாதிரி சொன்னார்.

கடைசியில் எங்கள் சென்டரின் மூத்த டெக்னீஷியனிடம் கேட்டேன். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அதிர்வைத் தாங்க ஸ்பிரிங் வைத்த தட்டு ஒன்று உண்டு. இரண்டரை லட்சம் ஓடிய வண்டியில் அது போயிருக்கலாம், இன்ஜினையே இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு அது உடனே பிடித்துப்போனது. பெரிய கோளாறாக இருந்தால்தான் நான் பத்து நாளாகக் கண்டுபிடிக்காததற்கு மரியாதை.

அந்தப் புதன்கிழமை டிராவல்ஸ்காரர் நைனாவைக் கூப்பிட்டார். வண்டியில் வருகிறவர்கள் புகார் செய்திருந்தார்கள். ஒருவர், "இன்னா நைனா, வண்டிக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக் குடு" என்று தினமும் சொல்கிறாராம். வெள்ளிக்கிழமை காலை தானே ஏறி வந்து பார்ப்பதாகவும், உதறினால் திங்களிலிருந்து வேறு வண்டி என்றும் டிராவல்ஸ்காரர் சொல்லிவிட்டார். சித்தப்பா சொன்ன வெள்ளியும் அதே வெள்ளிதான்.

அதே புதன், என் மேஜைக்கு முன்னால் ஒரு வயதான வாடிக்கையாளர் உட்கார்ந்து, "வண்டி ஆடுதும்மா" என்றார்.

"எப்போ சார் ஆடுது?" என்றேன். பேனா ஜாப் கார்டிலேயே நின்றுவிட்டது. அவர் சொன்ன பதில் என் காதில் விழவில்லை. இரண்டாம் முறை சொல்லவைத்து எழுதிக்கொண்டேன்.

சாயந்திரம் வீட்டுக்கு ஒரு காலி ஜாப் கார்டை எடுத்துப்போனேன். நைனாவை எதிரில் உட்காரவைத்து, முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல் கேட்டேன்.

"எப்போ உதறுது?"

நைனா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேம்பாலம் ஏறும்போது மட்டும். ஏறி, முக்கால்வாசி மேட்டுல. ரெண்டு பேர் குந்தினா லேசா. நாலு பேர் குந்தினா நல்லா. காலைல மொத ட்ரிப்புல ஜாஸ்தி, சாயந்திரம் கம்மி. எறக்கத்துல கெடயாது. டிராபிக்ல கெடயாது, அப்போ கிளீனர் தானே ஓட்டுறான், டிரைவர் தூங்கறான். டிரைவர் எழுந்து வெயிட்ட தூக்கும்போது தான் ஒதறுது. நாலு அடி வெச்சா ஒரு அடி நொண்டுற மாதிரி."

ஜாப் கார்டில் அந்தக் கட்டத்துக்கு மூன்று வரிதான் இடம். பின்பக்கமும் எழுதினேன். என் மூன்று வருட வேலையில் இவ்வளவு துல்லியமாகக் குறை சொன்ன வாடிக்கையாளர் கிடையாது.

"இத்தை ஏன் நைனா முன்னாடியே சொல்லல?"

"நீ என்னிய எங்க கேட்ட? போனத்தானே கேட்டுகினு இருந்த."

நாலு அடியில் ஓர் அடி நொண்டுகிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று சரியாக எரியவில்லை என்பதற்கு இதைவிட நல்ல வாக்கியம் என் பாடப்புத்தகத்தில் இல்லை. பாரம் ஏறும்போதுதான் அது வெளியே தெரிகிறது. மற்ற நேரமெல்லாம் மோட்டார் அதை மூடி மறைத்துவிடுகிறது. நானோ தட்டைச் சாலையில், ஒற்றை ஆளாக, ஐம்பத்திரண்டு கிலோ பாரத்தோடு சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

வியாழன் லீவு போட்டேன். நான்கு பேர் பாரம் வேண்டும். நான் முன் சீட்டில். பின்னால் அம்மா, சித்தப்பா, மெக்கானிக் மாமா. சித்தப்பா வண்டி உதறுவதைக் கண்ணால் பார்க்க வந்தார். மாமா பேட்டரி என்று நிரூபிக்க வந்தார். அம்மா, கார் வாங்கி ஏழு மாதத்தில் தன்னை யாரும் அதில் மீஞ்சூர் பக்கம் அழைத்துப் போகவில்லை என்பதற்காக வந்தாள், பூ வைத்துக்கொண்டு.

ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரும் எத்தனை தடவை எரியத் தவறுகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு பக்கம் உண்டு. பதினோரு நாளில் அதை நான் திறந்திருக்கவில்லை. இப்போது திறந்து மடியில் வைத்தேன். எர்ணாவூர் மேம்பாலத்தின் அடியில் ஒரு டிரெய்லர் எங்களுக்கு முன்னால் ஊர்ந்து ஏறியது. நைனா அதன் பின்சக்கரங்களையே பார்த்துக்கொண்டு போனார். மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் எழுந்தது. முக்காலில் வண்டி உதறியது. சீட்டெல்லாம் குலுங்கியது.

"ஐயோ, இன்னாய்யா இது, கட்டை வண்டியா?" என்றார் சித்தப்பா, சந்தோஷமாக.

மடியில் மூன்று எண்கள் பூஜ்யத்திலேயே நின்றன. மூன்றாவது சிலிண்டரின் எண் மட்டும் ஓடியது. ஏழு, பதினைந்து, முப்பது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "எதுக்கோ மீட்டர் ஓடுதுடீ" என்றாள்.

மேம்பாலம் இறங்கி ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தச் சொன்னேன். வண்டியை முழுதாக அணைத்து, சாவியைத் தூரக் கொண்டுபோய் அம்மாவின் கைப்பையில் போட்டேன். பானட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே காயில் என்ற கம்பிச்சுருள் ஒன்று செருகியிருக்கும். தீப்பொறிக்கு மின்சாரம் கொடுப்பது அதுதான். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மூன்றாவது காயிலைக் கழற்றி இழுத்தேன். சுலபமாக வரவில்லை. வந்தபோது அதன் ரப்பர் குழாயில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது. நடுவில், வட்டம் போட்ட மாதிரி, மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது.

"ஆசிட்!" என்றார் மாமா. "நான் சொன்னேன்ல! பேட்டரி ஆசிட் லீக்காயி இங்க வந்துகீது!"

"பேட்டரி பின்னாடி கீது மாமா. இன்ஜின் முன்னாடி கீது."

"ஆசிட்டுக்கு முன்ன பின்ன தெரியுமா?"

அம்மா காயிலை என் கையிலிருந்து வாங்கினாள். நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். "மஞ்சளுடா இது. என் வூட்டு மஞ்சள். நானே கல்லுல அரைச்சது."

பிளக் குழிக்குள் பார்க்க வெளிச்சம் போதவில்லை. டார்ச் அடிக்கட்டும் என்று நைனா டாஷ்போர்டிலிருந்து தன் போனை எடுத்து வந்து, திரையைத் தட்டினார். திரையில் நான் வந்தேன். ஒரு கையில் ஹோஸ், மறு கையில் சொம்பு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. பின்னால் இதே பானட், இதே குழி.

ஐந்து பேரும் அந்தப் படத்தைப் பார்த்தோம். டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

என்னை யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நைனா கூட்டத்தில் தூக்கிக் கொடுத்த பெருமையை வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லாமல், தெரிந்தே கழுவினேன். கழுவினதை மறந்துவிட்டுப் பதினோரு நாள் மழையையும் பங்க்கையும் ரப்பரையும் நைனாவையும் குற்றம் சொன்னேன். திட்டுவதற்கு இவ்வளவு வசதியாக ஆள் கிடைக்காது. ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பழக்கமில்லை. படித்தவள் தப்பு செய்வாள் என்பதே அவர்களுக்குப் புரியாத சங்கதி.

"போர் தண்ணி அப்படி" என்றாள் அம்மா. "துணியே கிழிஞ்சி போவுது. கார் இன்னா பண்ணும்?"

"இன்ஜினைக் கய்வினா கெட்டுப்போவும்னா அது இன்னாய்யா இன்ஜினு?" என்றார் நைனா. காரின் மரியாதையில்லாத நடத்தையில் அவருக்கு உண்மையாகவே வருத்தம். "என் டிரெய்லர நானு எவ்ளோ தண்ணியில குளிப்பாட்டியிருக்கேன். ஒரு நாளு மூஞ்ச திருப்பினது கெடயாது."

"அதுல பிளக் கிடையாது நைனா. இதுல தண்ணி போனா தீப்பொறி பிளக்குக்குப் போகாம பக்கத்துல ஓடிடும். வெயிட் ஏறும்போது தான் தெரியும். நான்தான் ஊத்தினேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஊத்தினேன்."

"சரி வுடு. இப்போ கண்டுபுட்ச்சிட்ட இல்ல?"

சித்தப்பா மட்டும், "அப்போ பேட்டரி இல்லையா?" என்று கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும், இரண்டாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றிச் செருகினேன். எல்லோரையும் மறுபடி ஏற்றி, திரும்பி மேம்பாலம் ஏறினோம். அதே இடத்தில் வண்டி உதறியது. இப்போது ஓடியது இரண்டாவது எண். ஒரு வண்டி உதறியதற்காக நான் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

"நோயி வூடு மாறிடுச்சு" என்றார் மாமா வியப்போடு. பிறகு நிதானித்து, "இருந்தாலும் பேட்டரிய ஒருவாட்டி பாத்துடுங்க" என்றார்.

சாயந்திரத்துக்குள் எங்கள் சென்டரின் ஸ்பேர் கவுன்ட்டரில் ஒரு காயிலும் நான்கு பிளக்கும் வாங்கி வந்தேன். பிளாக்கின் கீழே, வெளிச்சம் இருக்கும்போதே, குழிகளைக் காற்றடித்து, துடைத்து, உலர்த்தி மாட்டினேன். மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் தீப்பொறி வழி தவறி ஓடிய தடம் பென்சில் கோடு மாதிரி இருந்தது. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அந்த ஜாப் கார்டை எடுத்து முறைப்படி முடித்தேன். குறை: மேம்பாலம் ஏறும்போது மட்டும் உதறல். காரணம்: இன்ஜினை உப்புத் தண்ணீரால் கழுவியது, மஞ்சள் தண்ணீர் ஊற்றியது. செய்தவர்: உரிமையாளரின் மகள். கடைசி வரியை இரண்டு தடவை அடித்து எழுதினேன். நைனாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் முழுவதையும் உரக்கப் படித்துக் காட்டினேன், அந்தக் கடைசி வரியை இன்னும் உரக்க. அவர் கவனமாகக் கேட்டார். தாளை வாங்கி, வரிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"நல்லா எய்திகீற" என்றார். மடிக்காமல் எடுத்துப்போய் டாஷ்போர்டில் போனுக்குப் பக்கத்தில் செருகிவைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் என் மேஜையில் இருந்தேன். எத்தனை கார்டு எழுதினேன் என்று தெரியாது. பத்தரை மணிக்கு நைனா போன் செய்தார். நடந்ததை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

டிராவல்ஸ்காரர் முன் சீட்டில் ஏறினார். பின்னால் மூன்று பேர், நான்காமவர் அன்று லீவு. மேம்பாலத்தின் அடிக்கு வந்ததும் டிராவல்ஸ்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். நைனா வேண்டுமென்றே ஒரு டிரெய்லருக்குப் பின்னால் போய், மெதுவாக்கி, பிறகு மேட்டில் முழுதாக மிதித்தார். முக்கால் மேடு வந்தது, போனது. கைப்பிடியைப் பிடித்தபடியே டிராவல்ஸ்காரர் பாலத்தின் உச்சிக்குப் போய்விட்டார்.

"அவுரு இன்னா சொன்னாரு நைனா?"

"ஒண்ணும் சொல்லல. ஏசிய கொறைக்கச் சொன்னாரு."

அதுதான் நைனா வாங்கிய சர்ட்டிபிகேட். ஆனால் அதோடு அவர் விட்டாரா? இறக்கத்தில் டாஷ்போர்டிலிருந்து ஜாப் கார்டை உருவி, பெருமையாக நீட்டியிருக்கிறார். டிராவல்ஸ்காரர் படித்தவர். முன்பக்கம், பின்பக்கம், கடைசி வரி எல்லாவற்றையும் படித்திருக்கிறார். பிறகு போன் திரையில் இருந்த படத்தைப் பார்த்திருக்கிறார்.

"இன்னாய்யா இது, கெடுத்ததே உன் பொண்ணுன்னு போட்டிருக்கு?"

"ஆமா சார்" என்றாராம் நைனா. "அவ தான் கய்வினா. அவ தான் கண்டுபுட்ச்சா. அவளே எய்தியும் குடுத்துட்டா."

எனக்கு மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. எதிரில் ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அப்பால, திங்கக்கெழமை?" என்றேன் போனில்.

"திங்கக்கெழமை வழக்கம்போல அஞ்சரைக்கு. உன் சித்தப்பன்ட்ட சொல்லிடு, அந்த சேர்ல வேற யாரையாவது குந்தச் சொல்லட்டும்." கொஞ்சம் நிறுத்தி, வேறு குரலில் சேர்த்தார்: "டிராவல்ஸ்காரர் கேட்டாரு, அடுத்த பூஜைக்கு இன்னா பண்ணுவன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"அடுத்த பூஜைக்கும் என் பொண்ணு தான் சார் கய்வுவா. பானட்ட மூடிட்டுக் கய்வுவா."